மாஸ்டருக்குத் தொண்டையில ஆபரேஷன்

உட்காருங்க அம்மிணி. பாப்பா, நீயும் உட்காரு கண்ணு. ஜாதகத்தைப் பைக்குள்ளயே வையுங்க, அது அப்பறம். மொதல்ல பாப்பா போனை எடுத்து இந்த டேபிள் மேல வெய்யட்டும்.

பாருங்க, மொகம் மாறுது. எல்லாப் புள்ளைகளுக்கும் இப்படித்தான் மாறும். ஜாதகத்தைக் கேட்டா சிரிச்சுக்கிட்டே நீட்டும், போனைக் கேட்டா வயித்து வலி வந்த மாதிரி உட்காரும். சரி, நானே சொல்லிடறேன். நீங்க வர்றதாப் போன்ல சொன்னப்பவே பாப்பா பேரைத் தேடிப் பார்த்துட்டேன். மினி பஸ்ஸுக்குள்ள அப்பாவும் பொண்ணும் ஒட்டுக்காப் பாடறீங்க. மூவாயிரம் பேர் பார்க்கறாங்க. நல்லாத்தான் பாடற கண்ணு, இல்லைங்கலை. ஆனா எதுல பாடற, அதுதான் கேள்வி.

இருபத்திரண்டு வருசமா இந்தக் கல்யாணத் தகவல் மையம் நடத்தறேனுங்க. கீழ ஜெராக்ஸ் கடை, மேல நான். ஈரோட்டுல சௌந்தரவல்லி அக்கா ஜோடி சேர்த்தா அது பிரிஞ்சதில்லைன்னு சொல்லுவாங்க. முந்தியெல்லாம் பத்துப் பொருத்தம் பார்த்தாப் போதும். இப்பப் பதினொண்ணு. அந்தப் பதினொண்ணாவது போனுக்குள்ள இருக்குது. போட்டோவை அனுப்பின மறு நிமிசம் மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு பேரை அடிச்சுத் தேடறாங்க. பொண்ணு எங்கெங்க இருக்குதுன்னு பார்த்தாலே வீட்டுல டைல்ஸா சிமெண்ட் தரையான்னு தெரிஞ்சுருதுங்க. நேர்ல வந்து பார்க்கவே வேண்டியதில்லை.

ஃபேஸ்புக்குன்னா அப்பா அம்மா கவர்மெண்டு வேலை, இல்லாட்டி ரிடையர் ஆனவங்க. கோயிலுக்குப் போன போட்டோ, பேரன் பொறந்தநாள். மரியாதையான எடம், கொஞ்சம் வயசான எடம். இன்ஸ்டான்னா பிரைவேட் காலேஜு, வீட்டுல காரு, சாப்பாடு வந்தா போட்டோ எடுத்துட்டுத்தான் கையை வெப்பாங்க. லிங்க்ட்இன்ல இருந்தா மாமியார்க்காரி எந்திரிச்சு நின்னு பேசுவா. ட்விட்டர்ல இருக்கற பொண்ணா, நான் வெளியவே சொல்றதில்லை. எதிர்த்துப் பேசற புள்ளைன்னு ஓடிப் போயிருவாங்க. வாட்ஸ்அப்பு குழாய்த்தண்ணி மாதிரி, எல்லா வீட்டுலயும் வரும், அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

அப்பறம் இருக்குதே ஒண்ணு. குட்டிக் குட்டியா வீடியோ ஓடுமே, பாப்பா வெச்சிருக்குதே, அது. அதும் பேரை என்ற ஆபீஸ்ல சொல்றதில்லைங்க. லாரிக்காரன், மில்லுக்குப் போறவன், கட்டட வேலைக்காரன், ஊட்டு வேலைக்குப் போறவ எல்லாம் அதுலதான். இன்ஸ்டாலயும்தான் ஆடறாங்களேன்னு நீ நெனைக்கற கண்ணு, எனக்குத் தெரியும். அதே பாட்டு, அதே ஆட்டம்தான். ஆனா அங்க ஆடினா ரீல்ஸு, இங்க ஆடினா கூத்து. நானா வெச்சேன் இந்தச் சட்டத்தை? ஊர் வெச்சிருக்குது. நான் அதுல எப்படிப் பொழைக்கறதுன்னு சொல்லித் தர்றேன், அவ்வளவுதான்.

நம்ப மாட்டேங்கறீங்க. மோகனப்பிரியா கதையைச் சொல்றேன், கேளுங்க. என்ற கையால நடந்த கல்யாணத்துலயே இதுதான் பெருசு.

பெருந்துறை பைபாஸ்ல ஒரு ஓட்டல் இருக்குது. அங்க பரோட்டா மாஸ்டர் சென்னியப்பன். பொண்ணு ஒம்பதாவது படிக்கறப்பவே சம்சாரம் தவறிப் போச்சு. மாவு பெசஞ்சு பெசஞ்சே பொண்ணை எம்.காம் வரைக்கும் படிக்க வெச்சவர். அந்தப் பொண்ணுதான் மோகனப்பிரியா. மூக்கும் முழியுமா, நல்ல உசரம். ரெண்டு பேரும் இதே நாற்காலிலதான் வந்து உட்கார்ந்தாங்க. போனை வாங்கிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தக் கருமத்துல ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேரு!

'மாஸ்டர் பொண்ணு'ன்னு பேரு வெச்சிருக்குது. காலேஜ் விட்டு நேரா ஓட்டலுக்குப் போயி, அப்பன் பரோட்டா போடறதைப் புடிச்சுப் போடறது. மனுசன் மொதல்ல தோள் துண்டுல ரெண்டு கையையும் ரெண்டு தட்டுத் தட்டுவாரு. "இலையைப் போடு கண்ணு, இதா வந்துட்டேன்"னு சொல்லிட்டு ஆரம்பிப்பாரு. அப்பறம் மாவை வீசிக்கிட்டே பேச்சு. லாரிக்காரங்களுக்கு ஊட்டு ஞாபகம் வர்ற மாதிரிப் பேச்சு. "டேய், ஊட்டுக்குப் போன் பண்ணினியாடா? பண்ணிட்டு வா, அப்பத்தான் சால்னா ஊத்துவேன்" அப்படீம்பாரு. கர்ர்னு கட்டைக் குரல். போனுக்குப் பொறகால இந்தப் பொண்ணு சிரிக்கறது கேக்கும். இவ்வளவுதான். இதுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேரு.

பெருமையாச் சொல்லுச்சு, "அக்கா, துபாய்ல இருந்தெல்லாம் பார்க்கறாங்கக்கா"ன்னு. நான் கேட்டேன், "அந்த ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர்ல உன்னைப் பொண்ணு கேட்டு வர்ற தகுதி எத்தனை பேருக்குக் கண்ணு இருக்குது?" தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

அந்தச் சமயம் என்கிட்ட ஒரு அருமையான எடம் இருந்துச்சு. கோயமுத்தூரு, ரேஸ்கோர்ஸ் பக்கம் ஊடு. பையன் ஹரிபிரசாத்து, சாஃப்ட்வேரு. அம்மா சரோஜினி மேடம் ஃபேஸ்புக்குல கொலு வெச்சா ஐநூறு பேர் லைக் போடுவாங்க. தங்கச்சி இன்ஸ்டா. பையன் லிங்க்ட்இன். மூணும் மூணு ரகம், மூணும் ஒசந்தது. மோகனப்பிரியா போட்டோவைப் பார்த்ததும் பையன் விழுந்துட்டான். சாதி ஒண்ணு, ஜாதகம் எட்டுப் பொருத்தம். எல்லாம் பொருந்துது, இந்தக் கருமம் புடிச்ச ஆப்பு ஒண்ணுதான் பொருந்தலை.

இந்த டேபிள்லயே வெச்சு அழிச்சேனுங்க. பொண்ணு கேட்டுச்சு, "அக்கா, எனக்கு மட்டும் ஒரு காப்பி வெச்சுக்கட்டுங்களா?" வேண்டாம்னுட்டேன். கையில இருந்தா எப்பவாச்சும் போட்டுப் பார்க்கத் தோணும். பார்த்தா சத்தம் வரும், சத்தம் வந்தா மாட்டிக்கும். சரிதானுங்களே? முப்பது நாளைக்குள்ள திரும்பிப் போனா எல்லாம் வந்துரும்னு ஆப்புல போட்டிருந்துச்சு. அதனால பாஸ்வேர்டையும் மாத்திட்டேன். அந்தப் பழைய போனு, பின்னாடியெல்லாம் ஒடஞ்சு ரப்பர்பேண்டு போட்டிருந்துச்சு, அதை எக்ஸ்சேஞ்சுல தள்ளிட்டுப் புதுசு வாங்க வெச்சேன். லிங்க்ட்இன் நானே ஆரம்பிச்சுக் குடுத்தேன். அப்பாவுக்கு 'ஓட்டல் தொழில்'னு எழுதினேன். பொய்யா அது? தொழில்தானே?

மாஸ்டர் பாவம், நல்ல மனுசன். "அழிச்சுருங்க அம்மிணி, என்ற மூஞ்சி எதுக்கு? பாப்பா நல்லா இருந்தாப் போதும்"னாரு. மீசையை எடுக்கச் சொன்னேன், எடுத்தாரு. ஊர்ப்பட்ட மீசை அது, பாதி மூஞ்சியை மறைக்கும். எடுத்ததும் யாரோ மாதிரி ஆயிட்டாரு.

ஆனா குரலை என்ன பண்றது? அங்கதான் எனக்கு யோசனை. சரோஜினி மேடம் ஊட்டுல யாரும் அந்த ஆப்பைத் தொட மாட்டாங்க. ஆனா டிரைவர் தொடுவான், சமையக்காரி தொடுவா, வாட்ச்மேன் தொடுவான். பெரிய ஊட்டுக்குச் சேதி எப்பவும் கீழ இருந்துதானுங்க போகும். இந்த ஆள் வாயைத் தொறந்தாப் போதும், மண்டபத்துல எல போடறவனெல்லாம் 'மாஸ்டர்'னு ஓடி வருவான். அதனால நிச்சயத்துக்கு முந்தின நாளே மேடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். சம்பந்திக்குத் தொண்டையில ஆபரேஷன், ஆறு மாசத்துக்குப் பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு.

எப்படி என்ற மூளை? சிரிங்க அம்மிணி, பரவாயில்லை. நானே அப்பப்ப நெனைச்சுச் சிரிச்சுக்குவேன்.

மனுசன் ஒரு வார்த்தை பேசலைங்க. நிச்சயத்துலயும் பேசலை, கல்யாணத்துலயும் பேசலை. வந்தவங்களையெல்லாம் கையைக் கூப்பி, தலையை ஆட்டி ஆட்டியே வரவேத்தாரு. பார்த்தவங்களுக்கெல்லாம் அந்த ஆள் மேல ஒரு மரியாதை வந்துருச்சு. அடக்கமான மனுசன்னு மாப்பிள்ளையோட மாமன் எங்கிட்டயே சொன்னாரு. தாரை வார்க்கறப்ப அய்யர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லணுமில்லீங்களா, வாயை மட்டும் அசைச்சாரு. பொண்ணைக் கார்ல ஏத்தறப்பதான் கொஞ்சம் தடுமாறிட்டாரு. அது கால்ல விழுந்து எந்திரிக்குது, இவருக்கு வாய் தொறக்குது. நான் பொறகால நின்னு முதுகுல ஒரு விரலை வெச்சேன். மூடிக்கிட்டாரு. கண்ணுல மட்டும் தண்ணி. அதுக்கு ஆபரேஷன் சொல்ல முடியாதே!

எல்லாம் சரியாத்தான் போச்சு. ஒரே ஒரு எடத்துலதான் எனக்கு வேர்த்துருச்சு. பந்தியில ஒரு பெரியவருக்கு எல கிழிஞ்சு போச்சு. மாஸ்டர் வேற எல எடுக்கப் போனவரு, பழக்க தோசத்துல பட்டு அங்கவஸ்திரத்துல ரெண்டு கையையும் ரெண்டு தட்டுத் தட்டிட்டாரு. அக்கட்டால நின்னுட்டிருந்தான் மாப்பிள்ளை ஊட்டு டிரைவர் மாதேஷு. பார்த்துட்டான். அவன் மொகத்துல அப்படியொரு வெளிச்சம். நேரா எங்கிட்ட வந்து காதுல சொன்னான், "மேடம், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேனுங்க. மாஸ்டர் பேச்சைக் கேட்டுத்தான் நான் டெய்லி ஊட்டுக்குப் போன் பண்ணுவேன். அவரும் பாப்பாவும் நல்லா இருக்கோணும்"னான்.

அந்த ஆப்புல இருக்கறவங்களுக்குள்ள ஒரு ஒட்டு பாருங்க! நாம அப்படியா இருக்கோம்? ஆனா நம்பி வுட முடியுங்களா? இன்னிக்குச் சொல்ல மாட்டேம்பான், நாளைக்கு என்னமோ. நான் மறுவாரமே மேடத்துக்கிட்ட, உங்க டிரைவர் வண்டி ஓட்டறப்ப போனையே பார்த்துட்டிருக்கான், ஊட்டுக்குப் புது மருமக வந்திருக்குது, பார்வையும் சரியில்லைன்னு ஒரு வார்த்தை போட்டு வெச்சேன். ரெண்டே நாள்ல நிறுத்திட்டாங்க. எங்கயோ வெளியூர் போயிட்டானாம். முன்யோசனைன்னா இதுதானுங்க. பாதி வேலை பண்ணிட்டு வுடறவ இல்லை நான்.

அப்பறம் என்ன, பொண்ணு ராணி மாதிரி இருந்துச்சு. மாஸ்டர் மாசத்துக்கு ஒருக்கா போயிப் பார்த்துட்டு வருவாரு. போயி சோபாவுல உட்கார்ந்து, காப்பியைக் குடிச்சுட்டு, பொண்ணைப் பார்த்துட்டு, கும்பிட்டுட்டு வந்துருவாரு. ஆறு மாசம் முடிஞ்சதும் எனக்குப் போன் பண்ணினாரு. "அம்மிணி, இனிப் பேசலாங்களா?"ன்னு கேட்டாரு. நல்லாப் போயிட்டிருக்கறதை ஏன் கெடுக்கோணும்? இன்னொரு ஆபரேஷன்னு சொல்லிக்கலாம், ஒரு வருசம் போகட்டும்னேன். "சரிங்க அம்மிணி"ன்னாரு. பொண்ணுகிட்டப் போன்ல பேசறதையும் கொறைச்சுக்கச் சொல்லியிருந்தேன். வாய்ஸ் மெசேஜெல்லாம் கூடவே கூடாதுன்னு மொதல்லயே கண்டிசன்.

ஆவணியில கல்யாணம். சித்திரையில மனுசன் போயிட்டாரு. மத்தியானம் கூட்டம் நிக்கறப்ப பரோட்டாக் கல்லு முன்னாடியே நெஞ்சைப் புடிச்சுட்டுச் சாஞ்சாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுது.

அன்னிக்கு வந்த கூட்டத்தைப் பார்க்கோணுமே! பைபாஸ்ல லாரி லாரியா நிக்குது. லுங்கி கட்டினவன், யூனிபாரத்தோட வந்தவன், எல்லாம் வாயில துண்டை வெச்சுட்டு அழுவறான். சரோஜினி மேடம் கேட்டாங்க, "யாருங்க இவிங்கெல்லாம்?" ஓட்டல் கஸ்டமருங்கன்னு சொல்லிட்டேன். ஒருத்தன் மட்டும் மாப்பிள்ளைகிட்டயே போயி, "மாஸ்டர் ஏன் சார் வீடியோ போடறதை நிறுத்தினாரு?"ன்னு கேக்கறான். நான் குறுக்க பூந்து, குடிச்சிருக்கறான், தள்ளிக் கூட்டிட்டுப் போங்கன்னேன். நல்லவேளை, அவன் அழுத அழுகைக்கு அது பொருத்தமாத்தான் இருந்துச்சு.

முப்பதாம் நாள் காரியம் முடிஞ்சு ஒரு வாரம். மோகனப்பிரியா இங்க வந்து நிக்குது. பல் டாக்டர்கிட்டப் போறேன்னு சொல்லிட்டுக் கோயமுத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்குது. நாலு மாசம் வயித்துல வேற. உட்காரு கண்ணுன்னா உட்காரலை.

"அக்கா, அப்பா குரல் எங்கிட்ட ஒண்ணு கூட இல்லீங்கக்கா"ன்னுச்சு.

நான் என்ன சொல்லட்டும்? எல்லாப் பக்கமும் தேடியிருக்குது. பழைய போனை வித்த கடைக்குக் கூடப் போயி கேட்டிருக்குது. யாரோ ஒருத்தன் டவுன்லோடு பண்ணி வெச்சிருந்தது கெடைச்சுதாம். ஆனா அந்த நாய் சத்தத்தை எடுத்துட்டு மேல சினிமாப் பாட்டைப் போட்டிருக்கறான். அப்பன் வாய் மட்டும் அசையுதாம். அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துச்சாம், என்ன சொல்றாருன்னு வாயைப் பார்த்துக் கண்டுபுடிக்க முடியுமான்னு. அப்பறம் அந்த மாதேஷைத் தேடியிருக்குது. கல்யாணத்தன்னிக்குக் கார்ல ஏறறப்ப காதோட சொன்னானாம், "அக்கா, மாஸ்டர் வீடியோ என்ற போன்ல அஞ்சாறு இருக்குதுங்க"ன்னு. அவன் எங்க இருக்கறான்னு யாருக்கும் தெரியலை. அவனை ஏன் நிறுத்தினாங்கன்னு எங்கிட்டயே கேக்குது. எனக்கெப்படிக் கண்ணு தெரியும்னேன்.

"நீங்க அழிக்கறப்ப எதாச்சும் ஒண்ணு தப்பியிருக்குங்களா அக்கா? ஒண்ணே ஒண்ணு. கொழந்தை பொறந்தா இதான் உன்ற தாத்தான்னு ஒருக்கா கேக்க வெச்சுட்டு அழிச்சுடறேன். அவர் ஏழெட்டு மாசமா எங்கிட்டச் சத்தமாப் பேசவே இல்லீங்கக்கா. கடைசியா என்ன பேசினாருன்னு கூட எனக்கு ஞாபகம் வர மாட்டேங்குது"ன்னு அழுவுது.

எனக்கும் மனசு இருக்குதுங்க. நானும் ரெண்டு பெத்தவதான். ஆனா ஒண்ணைக் குடுத்தேன்னு வெய்யுங்க, அது அந்த ஊட்டுக்குள்ள போகும். இன்னிக்கு ரூமைச் சாத்திட்டுக் கேக்கும், நாளைக்குக் குழந்தைக்குப் போட்டுக் காட்டும், மாமியா காதுல வுழும். இத்தனை பாடுபட்டு ஏத்தி வுட்ட ஊட்டுல இருந்து அதை நானே எறக்கி வுடறதா? தலையில கையை வெச்சுச் சத்தியம் பண்ணினேன். எங்கிட்ட ஒண்ணும் இல்லை கண்ணு, சுத்தமா அழிச்சாச்சுன்னு. கொஞ்ச நேரம் இந்த டேபிளையே தடவிட்டு நின்னுச்சு. அப்பறம் போயிருச்சு.

என்ன அம்மிணி அப்படிப் பார்க்கறீங்க? இருக்குதுங்க. இல்லாம இருக்குமா? நாளைக்கே ஒரு பிரச்சனைன்னு வந்து, அந்த ஊட்டுக்காரங்க நாங்க ஏமாந்துட்டோம்னாலும் சரி, இந்தப் பொண்ணே எம் மேல பழி போட்டாலும் சரி, கையில ஒண்ணு இருக்கோணுமில்ல? எதை அழிச்சாலும் நான் மொதல்ல இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி எடுத்துக்குவேன். மாஸ்டரோடது நாப்பத்தி மூணு இருக்குது. மத்தியானம் தனியா உட்கார்ந்து சாப்பிடறப்ப அப்பப்பப் போட்டுப் பார்க்கறதுதான். தொழிலுக்கு வேணுமே, எந்த மாதிரி இருக்குதுன்னு. ஆனா ஒண்ணு சொல்லோணும், ஆள் போயும் அந்த மனுசன் பேச்சுக்குச் சிரிப்பு வராம இருக்காது.

இருங்க, ஒண்ணு காட்டறேன். பாப்பா, நீயும் இப்படி வா. பாரு, தட்டறாரா? ஒண்ணு, ரெண்டு. "இலையைப் போடு கண்ணு, இதா வந்துட்டேன்." கேட்டீங்களா குரலை? இப்ப வருது பாருங்க. மாவை மேல வீசறாரு, புடிக்கறாரு. "வந்துச்சா பாப்பா? நல்லா வந்துச்சா?" இப்பப் பொறகால சிரிக்குது பாருங்க, அதுதான் மோகனப்பிரியா. "வந்துருச்சுப்பா, இன்னொருக்கா போடுங்கப்பா!" எப்படிச் சிரிக்குது பாருங்க, தெரு முழுக்கக் கேக்கற மாதிரி. இப்ப அப்படியெல்லாம் கெடையாது. போன மாசம் வளைகாப்புக்குப் போயிருந்தேன், உதட்டை மூடித்தான் சிரிக்குது. அவ்வளவு பக்குவம் வந்துருச்சு. மேடத்துக்கு ஒரே சந்தோசம்.

சரி, நேரமாகுது. ஃபாரத்துல அப்பா தொழில் 'மினி பஸ் டிரைவர்'னு எழுதியிருக்கீங்க, அதைப் 'போக்குவரத்துத் துறை'ன்னு மாத்திக்கறேன். அவர் குரல் எப்படி, ரொம்பப் பேருக்குத் தெரியுமா? மூவாயிரம்தானே, சமாளிச்சுக்கலாம்.

பாப்பா, எதுக்கு இப்ப அழுவற? உங்கப்பா நல்லாத்தானே இருக்காரு? லாக்கை எடுத்துட்டுப் போனைக் குடு. பயப்படாதே கண்ணு, நான் ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டுத்தான் அழிப்பேன்.